அமெரிக்காவில் டிப்ஸ்: எங்கே வைத்தே ஆகவேண்டும், எங்கே உங்கள் இஷ்டம்

அமெரிக்க ரெஸ்டாரண்ட் மெனுவில் போட்டிருக்கும் விலையை மட்டும் நம்பிச் சாப்பிட உட்காராதீர்கள். அதன்மேல் இரண்டு தொகைகள் ஏறும். ஒன்று விற்பனை வரி. அதைக் கடைக்காரரே பில்லில் சேர்த்துவிடுவார். இன்னொன்று டிப்ஸ். அதை நீங்கள்தான் சேர்க்கவேண்டும். சேர்க்காமல் எழுந்து போனால் யாரும் தடுக்க மாட்டார்கள், சட்டமும் ஒன்றும் செய்யாது. ஆனால் உங்களுக்குப் பரிமாறியவர் அதை மறக்க மாட்டார்.

ஒரு கணக்கு பார்ப்போம். டல்லாஸில் இரண்டு பேர் 40 டாலருக்குச் சாப்பிடுகிறீர்கள். அங்கே வரி 8.25 சதவீதம், அதாவது 3 டாலர் 30 சென்ட். டிப்ஸ் 20 சதவீதம் என்றால் 8 டாலர். மொத்தம் 51 டாலர் 30 சென்ட். மெனுவைப் பார்க்கும்போதே மனசுக்குள் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுப்படியாகவில்லையா, வாங்கிக்கொண்டு போய் வீட்டில் சாப்பிடலாம், அதில் தப்பே இல்லை. உட்கார்ந்து பரிமாறச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, டிப்ஸில் மிச்சம் பிடிப்பதுதான் தப்பு.

புதிதாக வந்தவர்கள் முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் போதும். ஒருவர் உங்கள் மேஜைக்கு வந்து ஆர்டர் எடுத்து, கொண்டுவந்து வைத்து, தண்ணீர் ஊற்றி, தட்டு எடுக்கிற இடத்தில் டிப்ஸ் என்பது அவருடைய சம்பளம். அங்கே பேரம் கிடையாது. கவுண்டரில் நீங்களே போய் வாங்கிக்கொள்கிற இடத்தில், திரையைத் திருப்பிக் காட்டி எத்தனை சதவீதம் கேட்டாலும், உங்கள் இஷ்டம். நம் ஆட்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்வதைப் பார்க்கிறேன். காபிக் கடையில் பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்பட்டு 20 சதவீதத்தை அழுத்துவார்கள். மேஜைக்கு வந்து ஒன்றரை மணி நேரம் ஓடி ஓடிக் கவனித்தவருக்கு, யாரும் பார்க்கவில்லை என்று 2 டாலர் வைத்துவிட்டு எழுவார்கள்.

சர்வருக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

இது தெரியாமல் சதவீதத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் ஒவ்வொரு முறையும் மனசு எரியும். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009-லிருந்து அது அப்படியே நிற்கிறது. டிப்ஸ் வாங்கும் வேலையில் இருப்பவருக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும், மீதியை வாடிக்கையாளர் வைக்கும் டிப்ஸில் ஈடுகட்டிக்கொள்ளலாம். இந்த 2.13 என்ற எண் 1991-லிருந்து மாறவில்லை. டெக்ஸாஸ், ஜார்ஜியா, வட கரோலினா போன்ற மாநிலங்களில் இன்றும் இதுதான் அளவு. டிப்ஸையும் சேர்த்து 7.25-ஐத் தொடவில்லை என்றால் வித்தியாசத்தை முதலாளி கட்டவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் மறுநாள் எந்த ஷிப்ட் தருவது என்று முடிவு செய்கிற ஆளிடமே போய் அதைக் கேட்டு வாங்குவது அவ்வளவு சுலபமா என்ன!

எல்லா மாநிலங்களிலும் இப்படி இல்லை. கலிபோர்னியா, வாஷிங்டன், ஆரிகன், நெவாடா, மினசோட்டா, மொன்டானா, அலாஸ்கா ஆகிய 7 மாநிலங்களில் சர்வருக்கும் மாநிலத்தின் முழுக் குறைந்தபட்சக் கூலியைக் கொடுத்தாக வேண்டும். கலிபோர்னியாவில் அது மணிக்கு 16 டாலருக்கு மேல். "அப்படியானால் சான் ஹோசேயில் டிப்ஸைக் குறைக்கலாமே?" என்று உடனே கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அங்கேயும் எதிர்பார்ப்பு அதே 18, 20 சதவீதம்தான். அந்த ஊர் வாடகைக்கு 16 டாலர் எந்த மூலைக்கு என்பது அங்கே குடியிருக்கும் உங்களுக்கே தெரியும்.

இன்னொரு சங்கதி வெளியே தெரியாது. நீங்கள் வைக்கும் டிப்ஸ் முழுதும் அந்த சர்வருக்கே போவதில்லை. மேஜை துடைப்பவர், சமையலறையிலிருந்து தட்டுகளைத் தூக்கி வருபவர், பாரில் பானம் கலப்பவர் இவர்களுக்கெல்லாம் ஷிப்ட் முடிவில் அவர் பங்கு பிரித்துக் கொடுக்கிறார். 'டிப் அவுட்' என்பார்கள். பல கடைகளில் இந்தப் பங்கை, வந்த டிப்ஸை வைத்துக் கணக்கிடாமல், விற்ற தொகையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். உங்கள் மேஜையில் 100 டாலர் விற்பனை, பங்கு 4 சதவீதம் என்று வையுங்கள். நீங்கள் ஒன்றும் வைக்காமல் போனாலும் அந்த 4 டாலரை அவர் கொடுத்தாக வேண்டும். அதாவது நீங்கள் சாப்பிட்டதற்கு அவர் கைக்காசு போடுகிறார்.

முதலாளியோ மேனேஜரோ ஊழியரின் டிப்ஸில் கைவைக்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு சட்டத்தைத் தெளிவாக்கிவிட்டது. "எப்படியும் ஓனர்தானே எடுத்துக்கொள்வார்" என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

"இப்போது டிப்ஸுக்கு வரியே இல்லையாமே, அவர்களுக்கு என்ன குறை?" என்பது புதிதாகக் கிளம்பியிருக்கும் பேச்சு. 2025-ல் வந்த சட்டம், வருடத்துக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸை, மத்திய வருமான வரி போடும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள விடுகிறது. 2028 வரைக்கும்தான் அது. சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் எப்போதும்போல உண்டு. குறைவாகச் சம்பாதிக்கும் சர்வர் முன்பும் பெரிதாக வருமான வரி கட்டவில்லை, ஆகவே அவருக்கு இதனால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை.

படி 1: நுழைந்ததும் போய் உட்காராதீர்கள்

நம்மூர் ஓட்டலில் காலியான நாற்காலியைக் கண்டால் ஓடிப்போய் இடம் பிடிப்போம். இங்கே வாசலிலேயே, காத்திருங்கள், நாங்கள் அழைத்துப்போய் உட்கார வைக்கிறோம் என்று ஒரு பலகை இருக்கும். பக்கத்தில் நிற்கும் ஹோஸ்ட் எத்தனை பேர் என்று கேட்டு அழைத்துப்போவார். ஒவ்வொரு சர்வருக்கும் நாலைந்து மேஜைகள் ஒதுக்கியிருப்பார்கள். ஒரே ஆளின் தலையில் எல்லாம் விழாமல் சுழற்சி முறையில் உட்கார வைப்பது ஹோஸ்ட்டின் வேலை. ஜன்னலோரம் வேண்டுமென்றால் கேளுங்கள், காலியாக இருந்தால் தருவார்கள். ஹோஸ்ட்டுக்கு டிப்ஸ் தேவையில்லை.

படி 2: சர்வரிடம் எப்படிப் பேசுவது

வந்ததும் தன் பெயரைச் சொல்லி, குடிக்க என்ன வேண்டும் என்று கேட்பார். தண்ணீர் இலவசம். பாதி டம்ளருக்கு ஐஸ் போட்டு வரும், வேண்டாமென்றால் 'நோ ஐஸ்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோக், ஐஸ் டீ மாதிரியானவை பெரும்பாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பித் தரப்படும், ஒரு முறைதான் காசு.

கைதட்டி, விரல் சொடுக்கி, 'ஹலோ ஹலோ' என்று கூப்பிடக் கூடாது. ஊரில் 'தம்பி', 'அண்ணே' என்று ஒரு குரல் கொடுத்தால் உறவு வந்துவிடும், இங்கே அதற்கு ஈடான சொல் இல்லை. கண்ணில் படும்போது கையை லேசாகத் தூக்கினால் போதும். பெயர் ஞாபகம் இருந்தால் பெயரைச் சொல்லலாம். அவர் உங்களைவிடப் பத்து, பதினைந்து வயது மூத்தவராக இருந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதைக் குறைவாகாது.

சாப்பாடு வந்து இரண்டு வாய் உள்ளே போனதும் திரும்ப வந்து, எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்பார். இந்தக் கேள்வியை நம் ஆட்கள் வீணடிப்பதுபோல யாரும் வீணடிப்பதில்லை. பாஸ்தாவில் உப்பே இருக்காது, கேட்டபடி காரமும் போட்டிருக்க மாட்டார்கள், ஆனாலும் 'குட், குட்' என்று தலையாட்டிவிட்டு, காரில் ஏறியதும் ஆரம்பிப்பார்கள். அவர் கேட்பது வெறும் சம்பிரதாயத்துக்காக இல்லை. அப்போது சொன்னால் தட்டைத் திரும்ப எடுத்துப்போய்ச் சரிசெய்து கொண்டுவருவார், சில சமயம் அந்த ஐட்டத்தைப் பில்லிலிருந்தே எடுத்துவிடுவார். முக்கால் தட்டு காலியான பிறகு சொன்னால் யாருக்கும் ஒன்றும் செய்ய முடியாது.

சைவக்காரர்கள் 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். மீன் சாப்பிடுவீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. சூப்பிலும், மெக்ஸிகன் கடைச் சோற்றிலும் சிக்கன் வேகவைத்த தண்ணீர் கலந்திருக்கலாம், பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருக்கலாம். குறிப்பாகக் கேட்டால் சர்வர் உள்ளே போய் விசாரித்து வந்து சொல்வார். இப்படிக் கேட்பதற்குத் தயங்கவேண்டாம், அது அவருடைய வேலையில் சேர்ந்தது. அதை வெங்காயம் இல்லாமல், இதைச் சீஸ் இல்லாமல், சாஸைத் தனியாக என்று ஆறு பேருக்கும் ஆறு விதமாக மாற்றச் சொல்லி, அவரும் முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தால், டிப்ஸ் எழுதும்போது அது உங்கள் நினைவுக்கு வரட்டும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. சிரித்துப் பேசுவது, சட்டையைப் பாராட்டுவது, 'ஹனி' என்று கூப்பிடுவது எல்லாம் இங்கே வேலையின் பகுதி. அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு போன் நம்பர் கேட்டு நிற்காதீர்கள்.

கூட்டமாகப் போனால், பில் தனித்தனியாக வேண்டும் என்பதை ஆர்டர் கொடுக்கும் முன்பே சொல்லிவிடவேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, 'அவன் ரொட்டி தின்னவில்லை, இவன் பீர் குடிக்கவில்லை' என்று எட்டுப் பேருக்குப் பிரித்துத் தரச் சொன்னால், சொன்னவர் மேல் அவருக்குக் கொலைவெறி வரும். ஒருவர் கார்டு போட்டுவிட்டு, மற்றவர்கள் ஸெல் (Zelle), வென்மோ (Venmo) மாதிரியான பணம் அனுப்பும் ஆப்பில் அனுப்புவது எல்லாருக்கும் வசதி. பிரிக்கும்போது வரியையும் டிப்ஸையும் சேர்த்துப் பிரியுங்கள். கார்டு போட்ட பாவி தலையிலேயே டிப்ஸ் முழுதும் விழுவது நம் ரூம்மேட் வட்டங்களில் வழக்கமான சண்டை.

படி 3: பில் வந்தால் விரட்டுகிறார்கள் என்று நினைக்கவேண்டாம்

கடைசித் தட்டை எடுத்ததும், கேட்காமலே பில்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, 'அவசரமில்லை' என்று சொல்லிப் போவார்கள். இங்கே பில்லைச் 'செக்' என்பார்கள். இது அவமரியாதை கிடையாது, இங்கத்திய பழக்கம் அப்படி. அதே சமயம், வெளியே வரிசை நிற்கும் சனிக்கிழமை இரவில் சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம் அரட்டை அடித்தால், அந்த மேஜையில் அவருக்கு வரவேண்டிய அடுத்த டிப்ஸ் போகிறது. உட்கார்ந்தே ஆகவேண்டும் என்றால் உட்காருங்கள், அதற்கும் சேர்த்து வையுங்கள்.

மீதிச் சாப்பாட்டுக்குப் பெட்டி கேட்பதில் கூச்சமே தேவையில்லை. எல்லாரும் கேட்பார்கள். காலிப் பெட்டியைத்தான் தருவார்கள், நீங்களே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

படி 4: கார்டு, இரண்டு சீட்டு, ஒரு பேனா

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கறுப்பு உறைக்குள் பில் இருக்கும். சரிபார்த்துவிட்டுக் கார்டை அதில் செருகி மேஜை ஓரத்தில் வையுங்கள். சர்வர் கார்டை எடுத்துக்கொண்டு உங்கள் கண்ணில் படாத இடத்துக்குப் போவார். ஓடிபி கேட்டே பழகிய நமக்கு வயிற்றைக் கலக்கும். பயப்படவேண்டாம், இங்கே வழக்கமே அதுதான்.

திரும்பி வரும்போது கார்டோடு இரண்டு சீட்டுகளும் ஒரு பேனாவும் இருக்கும். ஒன்றில் 'மெர்ச்சண்ட்' என்றும் மற்றதில் 'கஸ்டமர்' என்றும் அச்சிட்டிருக்கும். மெர்ச்சண்ட் சீட்டு கடைக்கு, அதில்தான் நீங்கள் எழுதவேண்டும். முன்னே சொன்ன டல்லாஸ் கணக்கையே எடுத்துக்கொண்டால், சீட்டில் 43.30 என்று அச்சாகியிருக்கும். கீழே 'டிப்' என்ற கோட்டில் 8.00 என்று எழுதுங்கள். அதற்கடுத்த 'டோட்டல்' கோட்டில் 51.30 என்று நீங்களே கூட்டி எழுதி, கையெழுத்துப் போட்டு, அந்தச் சீட்டை மேஜையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கஸ்டமர் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் நீங்கள் எழுதிய டிப்ஸ் அவருக்குப் போகாது.

டிப்ஸைப் பணமாக மேஜையில் வைப்பதாக இருந்தால் டிப் கோட்டில் 'கேஷ்' என்று எழுதி, மொத்தத்தை நிரப்பிவிடுங்கள். எந்தக் கோட்டையும் வெறுமையாக விடாதீர்கள். எழுதுகிற எண்களும் தெளிவாக இருக்கட்டும். நாம் ஊர்ப் பழக்கத்தில் போடுகிற 1, இங்கே பலர் கண்ணுக்கு 7 ஆகிவிடும்.

அன்று இரவு வங்கி ஆப்பில் 43.30 என்றுதான் காட்டும். இரண்டு மூன்று நாளில் 51.30 ஆக மாறும். முதலில் கார்டை இழுத்தபோது டிப்ஸ் இல்லாத தொகைக்கு அனுமதி வாங்குகிறார்கள், கடை அடைத்தபின் நீங்கள் எழுதியதைச் சேர்த்து இறுதி செய்கிறார்கள். யாரோ கார்டைத் திருடிவிட்டார்கள் என்று வங்கிக்குப் போன் போடவேண்டாம். நீங்கள் எழுதியதைவிட அதிகமாக ஏறியிருந்தால் மட்டும் கஸ்டமர் சீட்டை வைத்துக்கொண்டு கடைக்குப் பேசுங்கள்.

இப்போது பல கடைகளில் கையடக்க மெஷினை மேஜைக்கே கொண்டுவந்து நீட்டுகிறார்கள். 18, 20, 22 என்று பொத்தான்கள் இருக்கும், 'கஸ்டம்' என்று ஒன்றும் இருக்கும். அவர் பக்கத்தில் நிற்கிறாரே என்று பதறாமல், நினைத்த தொகையை நிதானமாகப் போடலாம்.

படி 5: எவ்வளவு?

சேவை சரியாக இருந்தால் 18 முதல் 20. சுமார் என்றால் 15. மிக நன்றாகக் கவனித்தார் என்றால் 20-க்கு மேல் உங்கள் மனசுபோல. 10 டாலருக்குக் காலை உணவு சாப்பிட்டால் சதவீதம் பார்த்து ஒன்றரை டாலர் வைக்காமல், 2, 3 டாலராக வைத்துவிடுங்கள்.

கணக்கு சுலபம். வரிக்கு முந்தைய தொகையில் தசமப் புள்ளியை ஓர் இடம் இடப்பக்கம் தள்ளினால் 10 சதவீதம். அதை இரட்டித்தால் 20. 64 டாலர் என்றால் 6.40, இரட்டித்தால் 12.80, முடிந்தது. ஊருக்கு ஊர் வரியை வைத்தே போடும் குறுக்கு வழியும் உண்டு. நியூயார்க் நகரில் வரி 8.875 சதவீதம், அதை இரட்டித்தால் ஏறக்குறைய 18. நியூ ஜெர்சியில் 6.625, மூன்றால் பெருக்கினால் கிட்டத்தட்ட 20. ஆரிகனில் விற்பனை வரியே கிடையாது, அங்கே போய் இதைப் போட்டுப் பார்க்காதீர்கள்!

வரி போட்ட தொகைக்குச் சதவீதம் போடத் தேவையில்லை. சீட்டின் அடியில் அவர்களே கணக்குப் போட்டுக் கொடுக்கும் 18, 20, 22 பல சமயம் வரியையும் சேர்த்துப் போட்ட கணக்காக இருக்கும். ஒன்றிரண்டு டாலர் வித்தியாசம்தான், ஆனாலும் தெரிந்து கொடுப்பது நல்லது. கூப்பனில் பாதி விலைக்குச் சாப்பிட்டால் டிப்ஸ் முழு விலைக்கு. தள்ளுபடி தந்தது கடை, சர்வர் தூக்கியது முழுத் தட்டு.

இரண்டு இடங்களில் ஏமாறாமல் பாருங்கள். ஆறு அல்லது எட்டுப் பேருக்கு மேல் போனால் 18 அல்லது 20 சதவீதத்தை அவர்களே பில்லில் சேர்த்துவிடும் கடைகள் நிறைய. மெனுவின் கடைசியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும், பில்லில் 'கிராஜுவிட்டி' என்று ஒரு வரி வரும், இங்கே அது டிப்ஸுக்கு இன்னொரு பெயர். அது இருந்தால் மறுபடி வைக்கத் தேவையில்லை. டிப் கோடு காலியாக இருக்கிறதே என்று இன்னொரு 20 எழுதிவிட்டு வருகிற பிறந்தநாள் பார்ட்டிக் கூட்டங்கள் எத்தனையோ. இரண்டாவது, 'சர்வீஸ் சார்ஜ்', 'கிச்சன் ஃபீ' என்று வரும் 3, 4, 5 சதவீதங்கள். இவை டிப்ஸ் இல்லை, கடையின் வருமானம். ஊழியருக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். 'இது சர்வருக்குப் போகிறதா?' என்று நேராகவே கேளுங்கள், பதில் சொல்வார்கள்.

திரை திரும்பும்போது

காபிக் கடை, ஐஸ்கிரீம் கடை, போபா (பபிள் டீ) கடை, சான்ட்விச் கடை. கார்டைத் தட்டியதும், 'அது உங்களிடம் ஒரு கேள்வி கேட்கும்' என்று சொல்லிவிட்டு ஐபேடைத் திருப்புவார்கள். 18, 20, 25 பெரிதாக இருக்கும், 'நோ டிப்' ஓரத்தில் சின்னதாக ஒளிந்திருக்கும். வியாபாரம் செய்யும் மென்பொருள் அப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது, எதிரில் நிற்கும் பிள்ளை உங்களை எடைபோடவில்லை. அங்கே வேலை செய்பவர்களுக்குப் பொதுவாக முழுக் குறைந்தபட்சக் கூலி உண்டு. ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து நீட்டியதற்கு ஒன்றும் தரவேண்டியதில்லை. தினமும் போகிற கடை, உங்கள் காபியை நீங்கள் சொல்லாமலே போட்டு வைப்பார்கள் என்றால் ஒரு டாலர் போடலாம்.

ரெஸ்டாரண்டிலிருந்து நேரில் போய் வாங்கி வரும் பார்சலுக்கும் கட்டாயமில்லை. இருபது பேருக்கு ஆர்டர் கொடுத்து, அவர்கள் அதைப் பிரித்துக் கட்டி, பெயர் எழுதித் தந்தால் 5, 10 டாலர் கொடுப்பது முறை.

நம்ம ஊர்க் கடைகளில்

நியூ ஜெர்சியில் எடிசன் ஓக் ட்ரீ ரோட்டிலும், டெக்ஸாஸில் இர்விங்கிலும், கலிபோர்னியாவில் சன்னிவேலிலும் நம் சாப்பாட்டுக் கடைகள் பாதி அப்படி, பாதி இப்படி. கவுண்டரில் ஆர்டர் கொடுத்து, அவர்கள் மேஜைக்குக் கொண்டுவந்து வைத்தால் இரண்டு மூன்று டாலர் போதும். மதிய பஃபேயில் தட்டு எடுப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் சூடாக நான்-ரொட்டி கொண்டுவருவதும் மட்டும்தான் வேலை, 10 சதவீதம் சரி. ஆனால் உட்கார்ந்து, ஆர்டர் எடுத்து, சாம்பாரை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பணத்தைக் கல்லாவில் கட்டுகிற கடையில் முழு டிப்ஸ் வைக்கவேண்டும். இத்தாலியன் ரெஸ்டாரண்டில் 20 சதவீதம் எழுதும் அதே கை, தோசைக் கடையில் 'நம்ம ஆளுதானே' என்று 2 டாலரோடு நின்றுவிடுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. தமிழில் பேசி அதிகப்படி சட்னி வாங்கியவர் கொஞ்சம் கூட வைப்பதுதான் நியாயம்.

சேவை மோசமென்றால்

முதலில் யார் தப்பு என்று பாருங்கள். சாப்பாடு தாமதம், உப்பு அதிகம், ஐட்டம் தீர்ந்துபோச்சு என்பதெல்லாம் சமையலறையின் தப்பு. சொன்னதை மறந்தது, அரை மணி நேரம் எட்டிப் பார்க்காதது, எரிந்து விழுந்தது எல்லாம் சர்வரின் தப்பு. அதற்கு 15 அல்லது 10-க்கு இறங்கலாம். நிஜமாகவே அவமானப்படுத்தினால் மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, ஒன்றும் வைக்காமல் போகலாம். சொல்லாமல் பூஜ்யம் போட்டுவிட்டுப் போனால் நீங்கள் கோபித்துக்கொண்டது அவருக்குப் புரியாது. இந்த ஊர்ப் பழக்கம் தெரியாத ஆள் என்று மட்டும்தான் நினைப்பார்.

இந்தியர்கள் டிப்ஸ் வைக்க மாட்டார்கள் என்று சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது உண்மை. முகத்தைப் பார்த்து முன்கூட்டியே முடிவு கட்டி, மேஜையைக் கண்டுகொள்ளாமல் விடுகிறவர்களும் உண்டு. அது அவர்கள் தப்பு, அதற்கு மேனேஜரிடம் புகார் சொல்லுங்கள். பழிவாங்குவதாக நினைத்துக் குறைத்து வைத்தால், அடுத்து அதே மேஜையில் வந்து உட்காரும் நம் குடும்பத்தின் தலையில் அது விடியும்.

இந்த முறையே அநியாயம் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அமெரிக்கர்களே இதை எதிர்த்திருக்கிறார்கள். உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற கறுப்பின மக்களை, ரயில்களில் படுக்கைப் பெட்டிகளை நடத்திய புல்மன் கம்பெனி அற்பச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு, மீதியைப் பயணிகளின் டிப்ஸில் தேற்றிக்கொள்ளச் சொன்னது. இந்தப் பழக்கம் நாடெங்கும் வேர் பிடித்ததில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. 1909-ல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸையே தடை செய்தது, இன்னும் சில மாநிலங்கள் தொடர்ந்தன, 1926-க்குள் எல்லாச் சட்டங்களும் போய்விட்டன. நியூயார்க்கில் பிரபல ரெஸ்டாரண்ட் முதலாளி டேனி மேயர் 2015-ல் தன் ரெஸ்டாரண்டுகளில் டிப்ஸை ஒழித்து விலையை ஏற்றிப் பார்த்தார், 2020-ல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். நீங்கள் ஒருவர் டிப்ஸ் வைக்காததால் முறை மாறப்போவதில்லை, அன்று ஒருவருடைய வீட்டுச் செலவில் துண்டு விழும், அவ்வளவுதான்.

அப்பா அம்மா வந்திருக்கும்போது

பில்லை அவர்கள் கண்ணில் காட்டாமல் கட்டுவது உத்தமம். காட்டினால் இப்படித்தான் போகும்:

"எட்டு டாலர் டிப்ஸா? எழுநூறு ரூபாய்டா!"

"அப்பா, அதுதான்ப்பா அவங்க சம்பளம்."

"அதை முதலாளி இல்ல கொடுக்கணும்?"

அப்பா சொல்வதில் தவறில்லை, அதனால் வாதாடி ஜெயிக்க முடியாது. பணமாக மேஜையில் வைத்துவிட்டு நீங்கள் முன்னால் நடந்தால், 'மறந்துட்டுப் போறான் பாரு' என்று அதை எடுத்துப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு வந்து, கார் பாதி தூரம் போன பிறகு நீட்டுகிற அப்பாக்கள் உண்டு. அவர்கள் வந்திருக்கும் மாதங்களில் கார்டிலேயே எழுதிவிடுங்கள்.

மற்ற இடங்கள், சுருக்கமாக

வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவருபவருக்கு 15 சதவீதம் அல்லது 4, 5 டாலர், இரண்டில் எது அதிகமோ அது. மழை, பனி, மூன்றாவது மாடி என்றால் கூட்டிக் கொடுங்கள். ஆப்பில் வரும் 'டெலிவரி ஃபீ' அவருக்கானது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். முடி வெட்டுபவருக்கு 15 முதல் 20 சதவீதம், டாக்ஸிக்கும் அதே அளவு. பாரில் ஒரு பானத்துக்கு 1, 2 டாலர். ஓட்டல் அறையைச் சுத்தம் செய்பவருக்கு இரவுக்கு 2 முதல் 5 டாலர், தலையணை மேல் தினமும் வையுங்கள், கடைசி நாளில் மொத்தமாக வைத்தால் வேறு ஆளுக்குப் போய்விடலாம். காரை நிறுத்தித் தருபவருக்கு, கார் திரும்பக் கைக்கு வரும்போது 3 முதல் 5. சில்லறைக் காசைப் பொறுக்கி வைக்காதீர்கள், அதைத் திட்டுவதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

கொடுக்கவே கூடாத இடங்களும் உண்டு. டாக்டர், நர்ஸ், பள்ளிக்கூட ஆபீஸ், லைசென்ஸ் ஆபீஸ் எங்கும் வேண்டாம். போலீஸ்காரரிடம் பர்ஸைத் திறந்தால் லஞ்சக் கேஸ் ஆகிவிடும். நியூ ஜெர்சியில் பெட்ரோல் போட்டுவிடுபவர் எதிர்பார்ப்பதில்லை. தபால்காரருக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஏதாவது தரவேண்டும் என்று தோன்றினால் பணமாகத் தராதீர்கள், ஒரு டாலர்கூட வாங்கக்கூடாது என்பது அவர்கள் விதி. 20 டாலர் மதிப்புக்குள் ஒரு சாக்லேட் பெட்டியோ, முறுக்குப் பொட்டலமோ கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம்.